மூன்று சகோதரிகள்

பாத்தி என்றால் நேராக இருக்கவேண்டும், ஒரு பாத்தியில் ஒரு பயிர்தான் இருக்கவேண்டும் என்பது நம்மில் பலருடைய எண்ணம். ஆனால், ஒரே மண்மேட்டில் சோளம், பீன்ஸ், பரங்கி ஆகிய மூன்றையும் சேர்த்து நட்டுச் செழிப்பாக வாழ்ந்த மக்கள் வட அமெரிக்காவில் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய வரலாற்றை இன்று காண்போம்.

இம்மூன்றும் அமெரிக்கக் கண்டத்தின் பயிர்கள். மெக்சிகோ நாட்டு மக்கள் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பே பரங்கியைப் பயிராக்கினர். ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் தியோசிந்தே என்னும் காட்டுப் புல்லைப் பண்படுத்திச் சோளமாக்கினர். 1492-இல் கொலம்பஸ் அங்குச் சென்ற பிறகே இவை மற்றக் கண்டங்களுக்கு வந்தன. பரங்கியர் வழியாக வந்ததால்தான் மஞ்சள் பூசணிக்குப் பரங்கிக்காய் என்று நம் முன்னோர் பெயரிட்டனர்.

மெக்சிகோவிலிருந்து இப்பயிர்கள் கைமாறிக் கைமாறி வடக்கே சென்றன. இன்றைய நியூயார்க் மாநிலப் பகுதிக்கு மூன்றாவதாக பீன்ஸ் வந்து சேர்ந்தது ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன்புதான். அங்கு வாழ்ந்தவர்கள் ஹோடினோஷோனி மக்கள். இரோகுவா என்று பிரெஞ்சுக்காரர் அழைத்தது இவர்களைத்தான். மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனக்கா ஆகிய ஐந்து இனத்தாரும் ஒரு கூட்டமைப்பாக வாழ்ந்தனர். 1722 அளவில் டஸ்கரோரா இனத்தாரும் சேர்ந்து அறுவராயினர்.

ஆண்கள் காட்டைத் திருத்திக் கொடுத்தார்கள். வயலும் விதையும் விளைச்சலும் பெண்களின் பொறுப்பு. அவர்களிடம் கலப்பையும் இல்லை. உழவு மாடும் இல்லை. மண்வெட்டியால் சிறு மேடுகள் கூட்டி, முதலில் சோளத்தை ஊன்றினார்கள். அது சற்று வளர்ந்ததும் அதன் அடியில் பீன்ஸையும், பிறகு பரங்கியையும் நட்டார்கள். சோளத்தண்டு பீன்ஸ் கொடிக்குக் கொழுகொம்பாயிற்று. பரங்கியின் அகன்ற இலைகள் நிலத்தை மூடி ஈரத்தைக் காத்துக் களையையும் அடக்கின. ஒன்றையொன்று தாங்கி வளரும் இவற்றை ‘மூன்று சகோதரிகள்’ என்றும், ‘நம்மைத் தாங்குவோர்’ என்றும் அம்மக்கள் போற்றினர்.

ஐரோப்பியர் சிலருக்கு இது ஒழுங்கற்ற வேளாண்மையாகத் தோன்றியது. காரணம் அறிய அவர்கள் விஞ்ஞானத்தில் 1880-ஆம் ஆண்டுகள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹெல்ரீகல், வில்பார்த் என்னும் ஜெர்மானியர் இருவர், பயற்றினச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன என்று 1888-இல் விளக்கி வெளியிட்டனர். பீன்ஸின் வேரும் தழையும் மக்கும்போது அந்தச் சத்து மண்ணில் சேர்கிறது. நம் ரப்பர் தோட்டங்களில் இளங்கன்றுகளின் நிரைகளுக்கிடையே பயற்றினக் கொடிகளைப் படரவிட்டதும் இதே பயன் கருதித்தான். உணவிலும் இந்த உறவு உண்டு. சோளப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்னும் சத்து பீன்ஸில் நிறைய உண்டு. இரண்டையும் சேர்த்து உண்டவர்களுக்கு நிறைவான புரதம் கிடைத்தது.

எழுத்தில் எழுதி வைக்காத இந்த அறிவின் மதிப்பைப் பகைவர் நன்கு அறிந்திருந்தார்கள் என்பதுதான் வரலாற்றின் கொடுமை.

அமெரிக்க விடுதலைப் போரில் ஹோடினோஷோனி மக்கள் பிளவுபட்டனர். ஒனைடாவும் டஸ்கரோராவும் பெரும்பாலும் அமெரிக்கர் பக்கம் நின்றனர். மற்ற நான்கு இனத்தாருள் பெரும்பாலோர் பிரிட்டிஷாருடன் சேர்ந்து, 1778-இல் எல்லைக் குடியிருப்புகளைத் தாக்கினர். அதற்குப் பதிலடியாக 1779-இல் ஜார்ஜ் வாஷிங்டன் தளபதி ஜான் சல்லிவனை அனுப்பினார். ஊர்களை அழிப்பதோடு, நிலத்தில் நிற்கும் பயிரையும் அழிக்கவேண்டும் என்பது கட்டளை. நாற்பது ஊர்கள் அழிந்தன. 160,000 புஷல் சோளம் அழிக்கப்பட்டதாகச் சல்லிவன் தம் அறிக்கையில் கணக்குக் காட்டினார். நம் கணக்கில் அது ஏறத்தாழ 4,000 டன். அந்த வயல்களின் செழிப்பைக் கண்டு வியந்து நாட்குறிப்பில் எழுதிய படைவீரர்களே அவற்றை வெட்டியும் எரித்தும் வீழ்த்தினார்கள். ஏறத்தாழ 5,000 பேர் நயாகரா கோட்டையை நோக்கி ஓடினர். அவ்வாண்டுக் குளிர் மிகக் கடுமையானது. பசியாலும் பனியாலும் பலர் மாண்டனர்.

இன்று நம் ஊர் இரவுச் சந்தையில் அவித்து விற்கிறார்களே, அந்த இனிப்புச் சோளத்தைப் பற்றியும் அமெரிக்க வேளாண் நூல்கள் ஒரு செய்தி கூறுகின்றன. இந்தப் படையெடுப்பிலிருந்து திரும்பிய ஒருவர் இனிப்புச் சோள விதையை எடுத்துச் சென்று பிளிமத் ஊரில் பரப்பினாராம். அது உண்மையானால், எரித்தவர் கையிலேயே விதையும் சென்றிருக்கிறது.

ஆனால் விதை அவர்களிடம் மட்டும் தங்கிவிடவில்லை. போருக்குப் பின் நிலத்தில் பெரும்பகுதியை இழந்தபோதும், தாயிடமிருந்து மகளுக்கு என விதை தொடர்ந்து வந்தது. நியூயார்க் மாநிலத்திலும் கனடாவின் கிராண்ட் ஆற்றங்கரையிலும் ஹோடினோஷோனி மக்கள் தங்கள் வெள்ளைச் சோளத்தை இன்றும் விளைவிக்கிறார்கள். 2009-இல் அமெரிக்க அரசு வெளியிட்ட ஒரு டாலர் நாணயத்தின் ஒரு பக்கத்தில், சோளமும் பீன்ஸும் பரங்கியும் வளரும் வயலில் விதை ஊன்றும் பழங்குடிப் பெண் ஒருத்தி இருக்கிறாள். மறுபக்கத்தில் இருப்பவளும் ஒரு பழங்குடிப் பெண்தான். வயல்களை எரிக்க ஆணை பிறந்து அப்போது 230 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நேயர்களே, ஏட்டில் ஏறாத அறிவு கையோடு அழிந்துபோகக் கூடியது. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள இளையவர் ஒருவராவது வேண்டும். நம் வீட்டுக் கொல்லையிலும் பாட்டிமார் எதன் அருகில் எதை நடுகிறார்கள், எந்த விதையை எப்படிக் காயவைத்துக் கட்டி வைக்கிறார்கள் என்று மாணவர்கள் கேட்டு எழுதி வைக்கவேண்டும். கேட்பதற்கு அவர்கள் நம்மிடையே இருக்கும் காலம் இதுவே.