திறன்பேசி மின்கல மாற்றம்

திறன்பேசியின் தேய்ந்த மின்கலத்தை உரிமையாளரே கழற்றிப் புதியதைப் பொருத்துவது, பின்மூடியை நகத்தால் நெம்பிப் பேட்டரியைக் கையால் எடுத்த காலத்தில் சிறுவரும் செய்த வேலை. பின்மூடியும் பேட்டரியும் பசையால் ஒட்டப்படும் இன்றைய கருவிகளில், பேட்டரியைப் பசையிலிருந்து பிரிக்கும் சில நிமிடங்களே இவ்வேலையின் பேரிடரான கட்டமாகிவிட்டன.

1991-இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி மின்கலத்தின் வழிவந்த இன்றைய பேட்டரி, பெரும்பாலும் அலுமினியப் படலமும் நெகிழியும் சேர்ந்த மென்மையான பைக்குள் அடங்கியிருக்கிறது. உள்ளே நேர்மின்வாயையும் எதிர்மின்வாயையும் ஒன்றோடொன்று தொடாமல் காப்பது பிரிப்பான் எனப்படும், தலைமயிரைவிட மெல்லிய நுண்துளைப் படலம். நெம்புகருவியின் முனை பையைக் கிழித்தாலோ வளைத்தாலோ இப்படலம் சிதைந்து உள்ளேயே குறுக்குச்சுற்று உண்டாகக்கூடும். அதன் வெப்பத்தில் தொடங்கும் வேதிவினைகள் மேலும் வெப்பத்தை உமிழ, அவ்வெப்பம் வினைகளை இன்னும் விரைவுபடுத்த, எளிதில் தீப்பற்றும் மின்பகுளி ஆவியாகிப் பீறிட்டு எரிகிறது. இதற்கு வெப்பக் கட்டிழப்பு என்று பெயர். 4,000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட பேட்டரி நிறைய ஏற்றப்பட்டிருக்கையில் அதிலுள்ள மின்னாற்றல் மட்டுமே ஒரு தம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. ஆகவேதான் மின்னேற்றம் 25 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பிறகே கருவியைத் திறக்க வேண்டும் என்பர். புகையில் ஹைட்ரஜன் ஃபுளூரைடு என்னும் நச்சு வாயு கலந்திருக்கக்கூடும்.

எத்தனை சிறிய பிழை போதும் என்பதற்கு 2016-இல் திரும்பப் பெறப்பட்ட சாம்சங் கேலக்ஸி நோட் 7 சான்று. அதன் ஒருவகைப் பேட்டரியில் மேல்மூலையில் எதிர்மின்வாய் வளைந்திருந்ததும், மாற்றாக வந்த மற்றொரு வகையில் பற்றவைப்பின் பிசிறுகள் உள்ளே குத்தியதும் தீக்குக் காரணம் என்று 2017 ஜனவரியில் அந்நிறுவனம் அறிவித்தது. ஆலையில் நேர்ந்த நுண்பிழையே தீயில் முடிந்தது என்றால், மேசைமேல் திருப்புளியால் நெம்பப்படும் பேட்டரி தாங்கும் என்று நம்ப இடமில்லை.

பல ஐபோன்களில் பேட்டரியின் அடியில் இழுத்தால் நீண்டு கழலும் ஒட்டுப்பட்டைகள் உள்ளன. கோணம் மாறி இழுத்தால் பட்டை பாதியில் அறுந்துவிடும். எஞ்சிய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டு இளக்கிப் பொறுமையாகப் பிரிப்பதே வழி, உலோகக் கருவியைத் தொடவே கூடாது. உப்பிய பேட்டரியை ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றும் வழக்கம் மிகக் கொடியது. தீ மூண்டால் கொட்ட உலர்ந்த மணலை அருகில் வைத்திருப்பது நல்லது.

மற்றவை பெரும்பாலும் உயிரைத் தொடாத இழப்புகள். நீளத்தில் சிறிதே வேறுபடும் திருகாணிகள் இடம் மாறினால் மின்சுற்றுப் பலகை பழுதாகும். நீர்புகாக் காப்பு குலையும். ஆனால் போலிப் பேட்டரியில் மிகையேற்றத்தைத் தடுக்கும் காப்புச்சுற்று தரமற்றிருக்கலாம் என்பதால் இடர் வேலை முடிந்த பின்னும் தொடர்கிறது. கழற்றிய பேட்டரியைக் குப்பையில் எறியாமல், முனைகளை ஒட்டுநாடாவால் மூடி மின்கழிவு சேகரிப்பகத்தில் கொடுக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய மின்கல ஒழுங்குமுறை, சில விதிவிலக்குகளுடன், கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வெப்பமோ கரைப்பானோ இன்றிப் பயனரே கழற்றும்படி அமைக்க வேண்டும் என்று 2027 பிப்ரவரி 18 முதல் கட்டாயமாக்குகிறது.