இரும்பு தங்கிய இடங்கள்

இரும்புச்சத்துக்கு நம் வீடுகளில் எப்போதும் நல்ல பெயர்தான். முருங்கைக்கீரையைத் தட்டில் வைக்கும்போதே அதன் பெருமையையும் சொல்லிவிடுவார்கள். ஆனால் அதே இரும்பு உடலில் அளவுமீறிச் சேர்ந்தால் ஆபத்து. பரம்பரையாக வரும் இந்த நோயைப் புரிந்துகொள்ள மருத்துவ உலகுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

1865இல் பாரிஸில் அர்மான் த்ரூசோ என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அவருக்கு நீரிழிவு இருந்தது. கல்லீரல் கெட்டிருந்தது. தோல் வெண்கல நிறமாக மாறியிருந்தது. 1889இல் ஜெர்மானியரான ஃபொன் ரெக்லிங்ஹவுசன் இந்த நிலைக்கு ஹீமோகுரோமடோசிஸ் என்று பெயர் வைத்தார். இரத்தத்திலிருந்து வரும் நிறம் உறுப்புகளில் படிகிறது என்று அவர் நினைத்தார்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தவர் இங்கிலாந்தின் ஜோசப் ஷெல்டன். மருத்துவ ஏடுகளில் சிதறிக் கிடந்த 311 நோயாளிகளின் விவரங்களை அவர் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார். வெவ்வேறு உறுப்புகளில் தெரிந்தாலும் நோய் ஒன்றுதான், அது பிறவியிலேயே வருவது என்று 1935இல் புத்தகமாக எழுதினார்.

அவர் சொன்னது சரி. நம் குடல் ஒரு நாளைக்கு 1 முதல் 2 மில்லிகிராம் இரும்பை மட்டும் உறிஞ்சுகிறது. மிஞ்சியதை வெளியேற்ற உடலுக்குத் தனி வழி கிடையாது. இந்த நோயில் குடல் தேவைக்கு மேல் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. சாதாரணமாக 3 அல்லது 4 கிராம் இருக்கவேண்டிய இரும்பு, பல ஆண்டுகளில் 20 கிராமைத் தாண்டலாம். அது கல்லீரலில் தங்கினால் தழும்பு விழும். கணையத்தில் தங்கினால் நீரிழிவு வரும். இதயத்தில் தங்கினால் துடிப்பு தடுமாறும். விரல் மூட்டுகளும் வலிக்கும்.

இதற்குக் காரணமான எச்.எஃப்.இ. மரபணு 1996இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் முக்கியமான மாற்றம் தெற்காசியர்களிடம் மிக அரிது. அயர்லாந்திலோ ஏறக்குறைய 83 பேரில் ஒருவர் அதைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றிருக்கிறார். அவர்கள் எல்லோருக்கும் நோய் வருவதில்லை.

சிகிச்சை மிகப் பழையது: இரத்தம் எடுப்பது. ஒருமுறை அரை லிட்டர் எடுத்தால் சுமார் 250 மில்லிகிராம் இரும்பு வெளியேறும். கல்லீரல் கெடுமுன் தொடங்கினால் மற்றவர்களைப் போலவே நீண்ட காலம் வாழலாம்.

உங்கள் நண்பரின் வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், அவருடைய உடன்பிறந்தவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்துக்கு ஓர் எளிய இரத்தப் பரிசோதனை போதும். த்ரூசோவின் நோயாளிக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை.