முஸாபிரின் வயிறு

கடந்த ஆண்டில் நான் போய்வந்த கூட்டங்களை நாட்குறிப்பைப் புரட்டி எண்ணிப் பார்த்தேன். பதினேழு. நூல் வெளியீடுகள், கருத்தரங்குகள், மறைந்த எழுத்தாளர்களுக்கான நினைவுக் கூட்டங்கள். கண்டியிலிருந்து கொழும்பு, புத்தளம், பேருவளை, மூதூர், காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று ஓடியதில் பல இரவுகள் பஸ்ஸிலேயே கழிந்தன. ஆண்டு முடிவில் சீனி வியாதிக் கிளினிக்கில் தராசில் ஏறியபோது ஏழு கிலோ கூடியிருந்தது. வைத்தியர் என்னிடம் படித்தவர். அட்டையைப் பார்த்துவிட்டு, "சேர், இப்ப வீட்டோடயே இருக்கிறீங்களா?" என்றார். "இல்ல, பயணம்தான் கூடிப்போச்சு" என்றேன். "பயணம் போறவங்க மெலியத்தானே சேர் வேணும்?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்குள் ஒரு வரலாற்றுக் கேள்வி இருந்தது. பயணம் மனிதனின் உணவையும் பானத்தையும் உறக்கத்தையும் தடுப்பதால் அது வேதனையின் ஒரு கூறு என்ற கருத்துடைய நபிமொழியை நாம் அறிவோம். முஸாபிருக்கு நோன்பைப் பிற்போடவும் தொழுகையைச் சுருக்கவும் சலுகை உண்டு. உணவைப் பறித்த பயணம் எப்போது உணவை அள்ளிக் கொட்டும் பயணமாயிற்று? எமது முன்னோர் பயணத்தில் தம் உடலை எவ்வாறு பேணினர்? இந்தக் கேள்விகளோடு சில பழைய நூல்களுக்குள் புகுந்தேன்.

முதலில் அகப்பட்டவர் குஸ்தா இப்னு லூக்கா. இன்றைய லெபனானிலுள்ள பஃலபக்கில் பிறந்து, ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் பணியாற்றிய மருத்துவர். கிரேக்க நூல்களை அறபுக்குப் பெயர்த்தவர்களுள் ஒருவர். அப்பாஸிய கலீபா அல்-முஃதமிதின் காலத்தில் உயர்பதவி வகித்த அல்-ஹஸன் இப்னு மக்லத் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபோது, அவருக்கென்றே ஒரு மருத்துவக் கைநூலை குஸ்தா எழுதிக் கொடுத்தார். எழுதியவர் ஒரு கிறிஸ்தவர் என்பதை எமது வாசகர்கள் மனங்கொள்ள வேண்டும். ஒரு முஸ்லிமின் ஹஜ் சுகமாக நிறைவேற வேண்டும் என்பதற்காக ஒரு கிறிஸ்தவ மருத்துவர் பதினான்கு அத்தியாயங்கள் எழுதினார். அக்காலத்து பக்தாதின் பெருமை அதுதான். ஹெரிட் பொஸ் என்னும் ஆய்வாளர் இந்நூலின் அறபு மூலத்தை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1992இல் பதிப்பித்தார்.

எந்தப் பயணிக்கும் நான்கு விடயங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார் குஸ்தா. ஓய்வு, உணவு, பானம், உறக்கம், இல்லறம் ஆகியவற்றின் ஒழுங்கு முதலாவது. களைப்பின் வகைகளும் அவற்றுக்கான பரிகாரமும் இரண்டாவது. வெவ்வேறு காற்றுகளால் வரும் நோய்கள் மூன்றாவது. நச்சுப் பூச்சிகளிலிருந்து பாதுகாப்பு நான்காவது. ஹஜ் பயணிக்கு மேலும் நான்கு வேண்டும். கெட்ட நீரைத் திருத்தும் வழி, நீரில்லாதபோது தாகம் தணிக்கும் வழி, நரம்புச் சிலந்தியும் மூலநோயும் வராமல் காக்கும் வழி, பாம்புகளிலிருந்து தப்பும் வழி. கால்களைப் பிடித்துவிடுவது பற்றிக்கூட அவர் எழுதியிருக்கிறார்.

இந்தப் பட்டியலில் எது முதலில் நிற்கிறது என்பதுதான் என்னை நிறுத்தியது. பாம்பு கடைசியில் வருகிறது. சாப்பாடும் தூக்கமும் முதலில் வருகின்றன. பாலைவனத்தைக் கடக்கப் போகிறவனிடம், உன் முதல் அபாயம் உன் அன்றாட ஒழுங்கு குலைவதுதான் என்று அந்த மருத்துவர் சொல்லாமல் சொல்கிறார்.

1037இல் காலமான இப்னு ஸீனாவும் தமது 'அல்-கானூன்' நூலின் முதற் பாகத்தில் பயணிகளுக்கென ஒரு பகுதியை ஒதுக்கினார். அங்கே அவர் சொல்பவற்றைச் சுருக்கமாக இப்படிக் கூறலாம். பயணத்துக்கு முன்பே உடலைப் பழக்க வேண்டும். வழமையைவிடச் சற்றுக் கூடுதலான உடற்பயிற்சியைப் படிப்படியாகச் செய்ய வேண்டும். வழியில் பசியும் விழிப்பும் நேருமாயின் அவற்றுக்கும் முன்னதாகவே பழக வேண்டும். உணவு தரமானதாகவும் அளவிற் குறைந்ததாகவும் இருக்க வேண்டும். வயிறு நிறைந்த நிலையில் வாகனத்தில் ஏறக்கூடாது. ஏறினால் உணவு கெடும், தாகம் எடுக்கும், குடித்த நீர் வயிற்றைக் குலுக்கிக் குமட்டும். ஆகவே தங்குமிடத்தை அடைந்த பின்னரே சாப்பிட வேண்டும்.

இரவு பஸ்ஸுக்கு முன்னர் கொத்து ரொட்டி தின்றுவிட்டு மகியங்கனை வளைவுகளில் அவதிப்பட்டவர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. அவரது காலத்து உடற்கூற்றுக் கொள்கைகள் பல இன்று காலாவதியாகிவிட்டன. ஆயினும் இந்த அறிவுரைகள் ஒட்டகத்துக்கும் பொருந்தும், சொகுசு பஸ்ஸுக்கும் பொருந்தும். இன்றைய மருத்துவம் இதனோடு இன்னொன்றைச் சேர்க்கிறது. உறக்கம் குறைந்தால் பசி கூடும். மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பதே ஒரு கேடு.

மருத்துவர்கள் சொன்னது இவ்வளவு. பயணிகள் உண்மையில் என்ன செய்தார்கள் என்பதை அறிய இப்னு பதூதாவிடம்தான் போக வேண்டும். 1325இல், தமது இருபத்தொன்றாவது வயதில், தஞ்சாவை விட்டுப் புறப்பட்ட அவர், தாம் கண்ட மன்னர்களைப் போலவே தாம் உண்ட சாப்பாடுகளையும் மறக்காமல் சொல்லிவைத்தார்.

1331அளவில் அவர் சோமாலியக் கரையிலுள்ள மொகதீஷுவில் இறங்கினார். முதலில் வெற்றிலையும் பாக்கும் வந்தன. பின்னர் நெய்யில் சமைத்த சோறு பெரிய மரத்தட்டில் வந்தது. அதன்மேல் கோழி, இறைச்சி, மீன், மரக்கறி. பக்கத்தில் பாலில் வேகவைத்த வாழைக்காய், தயிர், ஊறுகாயாகப் போட்ட எலுமிச்சை, இஞ்சி, மாங்காய். மூன்று நாட்கள், நாளுக்கு மூன்று வேளை. இதை வாசிக்கையில் எமது கலியாண வீட்டுச் சஹன் கண்முன் வருகிறது அல்லவா? இந்துசமுத்திரத்தின் இருகரைகளிலும் விருந்தின் இலக்கணம் ஒன்றாகவே இருந்திருக்கிறது. ஆனால் அதே பக்கத்தில் அவர் இன்னொன்றையும் பதிகிறார். இவ்வூரில் ஒருவர் உண்பது எங்களில் ஒரு கூட்டமே உண்ணும் அளவு. இவர்கள் மிகப் பருத்த உடலினர் என்று. உணவின் அளவையும் உடலின் பருமனையும் இணைத்துப் பார்த்த கண் அது. விருந்தாளியாக உட்கார்ந்திருந்தும் அவர் அதைக் கவனிக்கத் தவறவில்லை.

அவரும் குறையற்றவர் அல்லர். 1352இல் மாலி நாட்டுக்குப் போனபோது சுல்தானின் வரவேற்புப் பரிசு வருகிறது என்றதும் பட்டாடையும் பணமும் வரும் என்று எழுந்து நின்றார். வந்தவையோ மூன்று ரொட்டி, ஒரு துண்டு பொரித்த மாட்டிறைச்சி, ஒரு குடுவைத் தயிர். அவர் சிரித்துவிட்டார். அந்த நாட்டிலேயே ஒரு கிழங்குக் கூழைச் சாப்பிட்டு, கூட இருந்த அறுவரில் ஒருவர் இறந்துபோக, அவரும் இரண்டு மாதம் நோயுற்றுக் கிடந்தார்.

எமக்கு மிக நெருக்கமான பகுதி 1344இல் வருகிறது. மாலைதீவிலிருந்து வந்து புத்தளத்தில் கரையேறிய அவரை ஆரியச் சக்கரவர்த்தி உபசரித்தார். என்ன வேண்டும் என்று கேட்டபோது, பாவாதமலையைத் தரிசிக்க வேண்டும் என்றார் இப்னு பதூதா. மன்னர் ஒரு பல்லக்கும், நான்கு யோகிகளும், மூன்று பிராமணர்களும், தம் ஆட்கள் பத்துப்பேரும், உணவு சுமக்கப் பதினைந்து பேரும் கொடுத்தனுப்பினார். உணவுக்கு மட்டும் பதினைந்து பேர்! எமது விழா ஏற்பாட்டாளர்கள்கூட இவ்வளவு செய்ததில்லை.

ஆனால் பல்லக்கு மலையுச்சிவரை போகாது. மலைக்கு இரண்டு பாதைகள் இருந்தன என்கிறார். ஒன்று பாபா வழி, மற்றது மாமா வழி. ஆதம், ஹவ்வா இருவரையும் குறிக்கும் பெயர்கள். மாமா வழி இலகுவானது. பாபா வழி கடினமானது. போகும்போதே இலகுவான வழியால் போனவரைத் தரிசித்தவராக மக்கள் கணக்கெடுப்பதில்லை. சங்கிலிகளைப் பிடித்து ஏற வேண்டிய இடங்கள் பத்து. பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அங்கிருந்து கீழே பார்ப்பவர் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் கலிமாவை மொழிந்துவிடுவாராம். மேலே ஹிழ்ர் அலைஹிஸ்ஸலாம் பெயரிலுள்ள குகையில் மூன்று நாள் தங்கி, காலையும் மாலையும் பாதச்சுவட்டுக்குப் போய்வந்து, மாமா வழியாக இறங்கினார்.

இலங்கையிலிருந்து மஃபருக்குப் போன அவர், மதுரையில் கொள்ளைநோய்க் காலத்தில் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தார். ஏறத்தாழ ஒரு இறாத்தல் புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு போயிற்று. அல்லாஹ் சுகம் தந்தான் என்கிறார். அறபியில் புளி 'தமர் ஹிந்தி', இந்தியப் பேரீச்சை. இதை யாரும் இன்று பரீட்சித்துப் பார்க்க வேண்டாம். அரசர்களின் சஹனில் உண்டவர் கடைசியில் ஏழையின் குசினிப் பொருளால் எழுந்தார் என்பது மட்டுமே எனக்கு முக்கியம்.

இவற்றையெல்லாம் வாசித்து முடித்தபோது வைத்தியரின் கேள்விக்கு விடை கிடைத்தது. அன்றைய பயணியும் விருந்துண்டார். எம்மைவிட அதிகமாகவே உண்டிருப்பார். ஆனால் ஒரு விருந்துக்கும் மறு விருந்துக்கும் இடையில் பசியும், வெயிலும், நடையும் இருந்தன. பாதையே அவரது உடலைச் சரிசெய்தது. நாமோ நடையை நீக்கிவிட்டு விருந்தை மட்டும் வைத்துக்கொண்டோம். சுருங்கச் சொன்னால், நாம் ஏறுவதும் மாமா வழி, இறங்குவதும் மாமா வழி.

விருந்தைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. போனமாதம் அக்கரைப்பற்றில் ஒரு வீட்டில் சஹனிலிருந்து முந்திக் கையெடுத்தேன். வீட்டுக்காரர் முகம் வாடிவிட்டது. "என்ன காக்கா, எங்கட ஊட்டுச் சோறு புடிக்கல்லியா?" என்றார். பொய் சொல்ல மனம் வரவில்லை. "தம்பி, எனக்குச் சீனி. அடுத்த வருசமும் ஒங்கட ஊட்டுக்கு வரணும் எண்டுதான் கொஞ்சமாச் சாப்பிடுறன்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய், வட்டிலப்பத்துக்குப் பதிலாக ஒரு தட்டில் பப்பாசி கொண்டுவந்து வைத்தார். பிறகு மெதுவாக, "வாப்பாவும் சீனியாலதான் மௌத்தானார்" என்றார்.

வயிற்றின் மூன்றிலொரு பங்கே உணவுக்கு என்று நபியவர்கள் காட்டிய வழியை மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கேட்ட கையோடு புரியாணிக்கு எழுந்திருக்கிறோம். இப்போது இரவு பஸ்ஸுக்கு முன்னர் வயிற்றை நிரப்புவதில்லை. பையில் கடலையும் தண்ணீர்ப் போத்தலும் இருக்கின்றன. பஸ் தரிக்கும் இடங்களில் தேநீர்க் கடைக்குள் போகாமல் வெளியே நடக்கிறேன். கூட்ட மண்டபம் இரண்டு மைலுக்குள் என்றால் முச்சக்கர வண்டி பிடிப்பதில்லை. ஏழில் மூன்று கிலோ இறங்கியிருக்கிறது.

மிச்சம் நான்குக்கு ஏற்பாட்டாளர்களின் உதவி வேண்டும். மேடையில் எமக்குப் பொன்னாடை போர்த்துவதற்கு முன்னர், எம்மைக் கொஞ்சம் நடக்க விடுங்கள்.