கத்தியா, கதிரா: கொற்கைக் கரையிலிருந்து ஒரு கேள்வி

போன தடவை கொற்கை முத்துச் சலாபத்தோட நிறுத்தினோம். இன்னைக்கும் அதே கரைதான், கேள்விதான் வேற. 1930 வாக்குல, வெத்தலையும் புகையிலையும் அடக்கிய கன்னத்துல ஆறாத புண் வந்தா இந்தப் பக்கத்து ஆள் எங்கே போயிருப்பார்?

தெற்கே போனா நெய்யூர். அப்போ அது திருவிதாங்கூர். லண்டன் மிஷன் 1838-ல் மருத்துவப் பணி தொடங்கிய ஊர். எவரெஸ்ட் ஏறப்போன சோமர்வெல் அங்கேதான் அறுவை சிகிச்சை செய்தார். அங்கே இருந்த ஐ.எம். ஓர் என்கிற மருத்துவர், வெற்றிலை போடுறவங்களுக்கு வரும் வாய்ப்புற்று பத்தி 1933-ல் 'லான்செட்' இதழில் எழுதினார்.

ரேடியம் அப்போ சிலருக்கே கிடைக்கிற சங்கதி. பெரும்பாலானவங்களுக்கு ஒரே கேள்விதான்: கத்தி வைக்கவா, வேண்டாமா?

அந்தக் கேள்விக்கு முன்னாடி இன்னொண்ணு இருக்கு. முத்துலட்சுமி ரெட்டி 1912-லயே மருத்துவப் பட்டம் வாங்கியவர். அவர் தங்கைக்கு வந்த மலக்குடல் புற்றை முதல்ல சீதபேதின்னுதான் நினைச்சாங்க. 1923-ல் தங்கை இறந்துபோனார். நோய் இன்னதுன்னு தெரியாம என்ன திட்டம் போடுறது? டாக்டர் வீட்டுலயே இந்தக் கதி.

அந்தத் துக்கம்தான் 1954-ல் 12 படுக்கையோட அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஆச்சு. மகன் கிருஷ்ணமூர்த்தி இருந்தார், மறுவருஷம் சாந்தா வந்து சேர்ந்தார். 1957-ல் கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி வந்தது. முற்றின வாய்ப்புற்றுக்குக் கதிரோட மருந்தையும் சேர்த்துக் கொடுத்து ஆராய்ஞ்சாங்க. கேள்வியே மாறிப்போச்சு. எது முதல்ல? எது அடுத்து? எதையெல்லாம் சேர்த்து? இதை ஒரு டாக்டர் தனியா முடிவு பண்ண முடியாது. அறுவை, கதிர், மருந்து மூணு துறையும் உட்கார்ந்து பேசணும்.

அதுல நோயாளியும் இருக்கணும். நம்ம வீடுகள்ல அவரை வெளியே உட்கார வச்சுட்டு மாமாவும் மச்சானும் முடிவு சொல்றதுதான் நடக்குது. வாய்ப்புற்றுக்குக் கதிர் சிகிச்சைன்னா பொதுவா வாரத்துக்கு அஞ்சு நாள், ஆறேழு வாரம். தூத்துக்குடிக்காரர் சென்னைக்குப் போனா தங்குற வாடகை, கூட நிக்கிறவரோட கூலி எல்லாம் அந்தத் திட்டத்துக்குள்ளதான் வரும். அதைக் கணக்குல எடுக்காமத் தொடங்கி, பாதியில ஊர் திரும்புறவங்க உண்டு.

'இது குணமாக்குற சிகிச்சையா, வேதனையைக் குறைக்கிற சிகிச்சையா?'ன்னு நேரடியா கேளுங்க. இன்னொரு டாக்டரைப் பார்க்கணும்னா பயாப்சி ரிப்போர்ட் மட்டும் போதாது, ஸ்லைடையும் பிளாக்கையும் கேட்டு வாங்கிட்டு ரயில் ஏறுங்க.