வீட்டிலேயே தோட்டா தயாரிக்கும் அமெரிக்கர்கள்: ‘டரெட் பிரஸ்’ என்றால் என்ன, அதை யார் வாங்கலாம்?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் உங்கள் நண்பர் வீக்எண்டில் ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போக ஆரம்பித்திருக்கிறாரா? அப்படியென்றால் கொஞ்ச நாளில் அவர் பேச்சில் ‘ரீலோடிங்’ என்ற சொல் வர வாய்ப்பு உண்டு. சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தூக்கிப் போடாமல், அதிலேயே புதிதாக மருந்தும் குண்டும் வைத்து மறுபடி பயன்படுத்துவதுதான் ரீலோடிங். அங்கே இது பல பத்தாண்டுகளாக இருக்கும் ஹாபி. கராஜில் ஒரு மேசை, அதில் போல்ட் போட்டு இறுக்கிய ஒரு பிரஸ். இப்படித்தான் பலர் தொடங்குகிறார்கள்.

எந்த பிரஸ் வாங்கலாம் என்று தேடினால் ‘டரெட் பிரஸ்’ என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படும். அது எப்படி வேலை செய்கிறது, வாங்குபவர் எதைப் பார்க்க வேண்டும் என்பதை இங்கே பார்க்கலாம். ஆனால் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: அதை நீங்கள் வாங்கலாமா? எச்-1பி விசாவில் அங்கே இருப்பவருக்கும், சென்னையிலோ பெங்களூருவிலோ இருப்பவருக்கும் இதற்கான பதில் பெரும்பாலும் ‘கூடாது’ என்பதுதான்.

ஒரு தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது?

பேச்சு வழக்கில் எல்லாத்தையும் ‘புல்லட்’ என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள் உண்டு.

• கேஸ்: எல்லாவற்றையும் தாங்கும் கூடு, பெரும்பாலும் பித்தளை.
• ப்ரைமர்: கூட்டின் அடியில் இருக்கும் சின்ன மூடி. துப்பாக்கியின் ஊசி இதில் அடித்ததும் தீப்பொறி கிளம்பும்.
• பவுடர்: அந்தப் பொறியில் எரிந்து வாயுவாக மாறும் புகையில்லா மருந்து.
• புல்லட்: முனையில் இருக்கும் குண்டு. வெளியே பறப்பது இது மட்டும்தான்.

சுட்ட பிறகு மிஞ்சுவது கேஸ். அழுத்தத்தில் கொஞ்சம் விரிந்திருக்கும் அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, தீர்ந்த ப்ரைமரை வெளியே தள்ளி, புது ப்ரைமர் வைத்து, பவுடர் போட்டு, குண்டைப் பொருத்தி, வாயை இறுக்க வேண்டும். இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்பவை ‘டை’ எனப்படும் எஃகு அச்சுகள். அவற்றைப் பிடித்துக்கொண்டு நெம்புகோல் மூலம் அழுத்தம் கொடுக்கும் கருவிதான் பிரஸ்.

ஒன்றைக் கவனிக்கவும்: ரேஞ்சில் பலரும் சுடும் .22 ரிம்ஃபயர் தோட்டாவில் ப்ரைமர் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கும். அதனால் அது நடைமுறையில் ரீலோடு செய்யும் தோட்டா கிடையாது. ரீலோடிங் என்பது ப்ரைமர் நடுவில் இருக்கும் சென்டர்ஃபயர் தோட்டாக்களுக்குத்தான்.

மூன்று வகை பிரஸ், என்ன வித்தியாசம்?

கோவையிலோ ஓசூரிலோ ஒரு மெஷின் ஷாப்பை எட்டிப் பார்த்திருந்தால் டரெட் லேத் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பல டூல்களை ஒரு சுழலும் தலையில் மாட்டி வைத்து, தேவையானதைத் திருப்பிக்கொள்வார்கள். ஒவ்வொரு முறையும் டூலைக் கழற்றி மாட்ட வேண்டாம். டரெட் பிரஸ்ஸும் அதே ஐடியாதான்.

*சிங்கிள் ஸ்டேஜ்:* ஒரு நேரத்தில் ஒரே ஒரு டை. 100 கூடுகளுக்கும் முதல் வேலையை முடித்துவிட்டு, டையை மாற்றி, அதே 100 கூடுகளை மறுபடி எடுக்க வேண்டும்.

*டரெட்:* சுழலும் தலையில் நான்கு முதல் எட்டு டைகள் வரை இருக்கும். ஒரு கூட்டை வைத்தால், தலையைத் திருப்பித் திருப்பி எல்லா வேலையையும் முடித்து, முழுத் தோட்டாவாக வெளியே எடுக்கலாம்.

*ப்ரோக்ரெசிவ்:* இதில் கூடுகள் நகரும். ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு கூடு இருக்கும். கைப்பிடியை ஒரு முறை இழுத்தால் எல்லா நிலையங்களிலும் ஒரே நேரத்தில் வேலை நடக்கும்.

கணக்குப் போட்டால் வித்தியாசம் புரியும். நான்கு டை தேவைப்படும் கைத்துப்பாக்கித் தோட்டா 100 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சிங்கிள் ஸ்டேஜில் 400 முறை கூட்டை வைத்து எடுக்கணும், கைப்பிடியையும் 400 முறை இழுக்கணும். டரெட்டில் இழுப்பு அதே 400 தான், ஆனால் கூட்டைக் கையாள்வது 100 முறை மட்டுமே. ப்ரோக்ரெசிவில் இழுப்பும் ஏறத்தாழ 100 ஆகிவிடும்.

அப்புறம் ஏன் எல்லோரும் ப்ரோக்ரெசிவ் வாங்குவதில்லை? விலை ஒரு காரணம். முக்கியமான காரணம், ஒரே இழுப்பில் நான்கைந்து விஷயங்கள் நடக்கும்போது நீங்கள் அத்தனையையும் கண்காணிக்க வேண்டும் என்பது. டரெட்டில் எப்போதும் ஒரு கூடு, ஒரு வேலை. கற்றுக்கொள்பவருக்கு இந்த நடுவழி ஒத்துவருகிறது.

வாங்குபவர் எதைப் பார்க்க வேண்டும்?

*தலை தானாகத் திரும்புமா, கையால் திருப்பணுமா?* லீ நிறுவனத்தின் கிளாசிக் டரெட் பிரஸ்ஸில் கைப்பிடியின் ஒவ்வொரு முழு இழுப்புக்கும் தலை தானாக அடுத்த டைக்கு நகரும். வேண்டாமென்றால் அந்த அமைப்பை எடுத்துவிட்டு சிங்கிள் ஸ்டேஜ் போலவும் பயன்படுத்தலாம். ரெட்டிங் டி-7, லைமன் ஆல்-அமெரிக்கன் 8 போன்றவற்றில் கையால்தான் திருப்ப வேண்டும்.

*எத்தனை துளை?* லீ கிளாசிக்கில் 4, டி-7-இல் 7, லைமனில் 8. ஒரு வகைத் தோட்டாவுக்கு நான்கு போதும். இரண்டு வகைக்கான டைகளை ஒரே தலையில் நிரந்தரமாக வைக்க விரும்பினால் ஏழு, எட்டு உதவும். இல்லையென்றால் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனித் தலை வாங்கி, டைகளைச் சரிசெய்த நிலையிலேயே கழற்றி மாட்டிக்கொள்ளலாம்.

*தலையில் எவ்வளவு ஆட்டம்?* சுழலும் எந்த பாகத்திலும் கொஞ்சம் இடைவெளி இருந்தே தீரும். அழுத்தும்போது தலை ஒரு பக்கமாக மயிரிழை அளவு தூக்கும். கைத்துப்பாக்கிப் பயிற்சிக்கு இது பொருட்டே இல்லை. நீண்ட தூர ரைஃபிள் போட்டியாளர்கள் பலர் இன்றும் சிங்கிள் ஸ்டேஜை விடாததற்கு இதுவும் ஒரு காரணம். வார்ப்பிரும்பு உடலும், தலைக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கும் அமைப்பும் இருந்தால் ஆட்டம் குறையும்.

*தீர்ந்த ப்ரைமர் எங்கே விழும்?* ப்ரைமர் எச்சத்தில் ஈயம் இருக்கும். அது மேசையெல்லாம் சிதறாமல், உள்ளீடற்ற தண்டு வழியாகக் கீழே குழாயில் விழும்படி வடிவமைத்த பிரஸ் நல்லது. எந்த பிரஸ்ஸாக இருந்தாலும் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவணும். சாப்பாட்டு மேசையில் இந்த வேலை கூடவே கூடாது.

*டை பொருந்துமா?* 7/8 அங்குல, 14 மரை என்பது பெரும்பாலான டைகளின் பொது அளவு. அதனால் ஒரு கம்பெனி பிரஸ்ஸில் இன்னொரு கம்பெனி டையை மாட்டலாம். ரைஃபிள் தோட்டா நீளமானது என்பதால், அதற்குப் போதுமான இடைவெளி பிரஸ்ஸில் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

*கூட்டின் உள்ளே பார்க்க முடியுமா?* விளம்பரங்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆனால் பிரஸ்ஸைத் தேர்ந்தெடுக்க இதுதான் முதல் அளவுகோலாக இருக்க வேண்டும். குண்டு வைப்பதற்கு முன், உட்கார்ந்த இடத்தில் இருந்தே கூட்டுக்குள் இருக்கும் பவுடர் கண்ணுக்குத் தெரியணும்.

ஏன் அது அவ்வளவு முக்கியம்?

பவுடரை ‘கிரெய்ன்’ கணக்கில் அளக்கிறார்கள். ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம். ஏறக்குறைய ஒரு குன்றிமணியின் எடையில் பாதி. வேகமாக எரியும் கைத்துப்பாக்கி பவுடர்கள் சில, கூட்டில் பாதி கூட நிரம்பாத அளவுக்கே போடப்படும். அதனால் தவறுதலாக இரண்டு முறை விழுந்தாலும் வெளியே வழியாது. ஆனால் சுடும்போது அழுத்தம் எகிறி, துப்பாக்கியே வெடிக்கக்கூடும்.

நேர்மாறான தவறும் உண்டு. பவுடரே விழாத தோட்டாவில் ப்ரைமர் மட்டும் வெடித்து, குண்டு குழலின் நடுவில் சிக்கிக்கொள்ளும். ‘சத்தம் கம்மியா இருந்துச்சே’ என்று கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கலாம்.

கையால் திருப்பும் டரெட்டில், திருப்ப மறந்தால் ஒரே கூட்டில் பவுடர் இரண்டு முறை விழ வாய்ப்புண்டு. தானாகத் திரும்புவதிலும், கைப்பிடியைப் பாதியில் நிறுத்தி மறுபடி இழுத்தால் வரிசை குழம்பும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பார்த்த பிறகே குண்டை வைப்பது. நடுவில் போன் வந்தால் அந்தக் கூட்டைக் கொட்டிவிட்டு முதலில் இருந்து தொடங்குவது. பவுடர் அளவை அச்சிட்ட ரீலோடிங் கையேட்டில் இருந்து எடுக்கணும், நண்பர் அனுப்பும் மெசேஜில் இருந்து அல்ல.

பணம் மிச்சமாகுமா?

கேஸைத் திரும்பப் பயன்படுத்துவதால் ஒரு தோட்டாவுக்கான செலவு குறையலாம். ஆனால் பிரஸ் மட்டும் போதாது. டைகள், தராசு, வெர்னியர் காலிப்பர், கேஸ் சுத்தம் செய்யும் டம்ளர் இயந்திரம், கண்ணாடி, கையேடு என்று பட்டியல் நீளும். 2020, 2021-இல் அமெரிக்கா முழுக்க ப்ரைமர் தட்டுப்பாடு வந்தபோது, பிரஸ் வைத்திருந்தவர்களும் சும்மா உட்கார வேண்டியிருந்தது.

சேமித்து வைப்பதற்கும் அளவு உண்டு. அங்குள்ள தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 495-ஆம் விதித்தொகுப்பின்படி, வீட்டில் அசல் டப்பாவிலேயே வைக்கும் பவுடர் 20 பவுண்டைத் தாண்டினால் தடித்த மரப்பெட்டி வேண்டும். ப்ரைமர் 10,000-க்கு மேல் கூடாது. உள்ளூர் விதிகள் இதைவிடக் கடுமையாக இருக்கலாம்.

எச்-1பி, எஃப்-1 விசாவில் இருப்பவர் வாங்கலாமா?

சொந்த உபயோகத்துக்குத் தோட்டா செய்ய அமெரிக்க ஃபெடரல் சட்டத்தில் லைசென்ஸ் தேவையில்லை. விற்பதைத் தொழிலாகச் செய்தால்தான் உரிமம் வேண்டும். ஆனால் இது துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உள்ளவர்களுக்கான விதி.

18 யூ.எஸ்.சி. 922(ஜி)(5) என்ற பிரிவு, குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வசம் வைத்திருக்கத் தடை விதிக்கிறது. எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 எல்லாமே இந்த வகைதான். ‘நான் வெறும் ப்ரைமர் பாக்கெட்தானே வெச்சிருக்கேன்’ என்றும் தப்பிக்க முடியாது. அதே சட்டத்தின் வரையறையில் கேஸ், ப்ரைமர், புல்லட், பவுடர் ஒவ்வொன்றும் தனித்தனியாகவே ‘தோட்டா’ என்று கணக்கு. 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, தெரிந்தே மீறினால் அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டுகள்.

விலக்குகள் உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் அவற்றில் பலருக்கும் தெரிந்தது. கிரீன் கார்டு கைக்கு வந்தவருக்கு இந்த விசாத் தடை பொருந்தாது. ஆனால் மாநிலச் சட்டங்கள் தனி. யோசனை இருந்தால் முதலில் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

இது ஏட்டுச் சட்டம் மட்டுமல்ல. 2019-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ரெஹைஃப் வழக்கின் ஆரம்பம் ஃபுளோரிடாவில் ஒரு ஷூட்டிங் ரேஞ்ச். மாணவர் விசாவில் வந்து, பல்கலைக்கழகம் நீக்கியதால் விசா நிலையை இழந்த ஒருவர் அங்கே போய்ச் சுட்டதற்காக 18 மாதத் தண்டனை பெற்றார். தன் விசா நிலை அவருக்குத் தெரியும் என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆனால் அதற்குள் ஆண்டுகள் ஓடிவிட்டன.

இந்தியாவில்?

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் பிரிவு 2, ‘தோட்டா’ என்பதற்கான வரையறையில் அதன் உதிரி பாகங்களையும், அதைத் தயாரிக்கும் இயந்திரங்களையும் சேர்த்தே சொல்கிறது. அதாவது பிரஸ்ஸே இந்த வரையறைக்குள் வந்துவிடும். ‘யு.எஸ்.ல இருந்து வரும்போது சூட்கேஸ்ல கொண்டு வந்து தரேன்’ என்று நண்பர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உரிமம் இல்லாமல் இவற்றை நாட்டுக்குள் கொண்டுவரப் பிரிவு 10 தடை விதிக்கிறது.

துப்பாக்கி லைசென்ஸ் இருந்தாலும் நிலைமை மாறாது. வைத்திருப்பதற்கான உரிமம் பிரிவு 3-இன் கீழ் வருவது, தயாரிப்பதற்கான உரிமம் பிரிவு 5-இன் கீழ் வருவது. இரண்டும் வேறு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாமல் தயாரித்தால் குறைந்தபட்சம் 7 ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

சுருக்கமாக

• இந்தியாவில் இருக்கிறீர்களா? பிரஸ் வாங்க வேண்டாம், கொண்டுவரவும் வேண்டாம்.
• அமெரிக்காவில் விசாவில் இருக்கிறீர்களா? ப்ரைமர் பாக்கெட்டைக் கூடத் தொடும் முன் வழக்கறிஞரைக் கேளுங்கள்.
• கிரீன் கார்டு அல்லது குடியுரிமை இருந்து, மாநிலச் சட்டமும் அனுமதித்தால்: கைத்துப்பாக்கித் தோட்டாக்களை அளவாகச் செய்ய டரெட் பிரஸ் நல்ல தொடக்கம். ஒரு மணி நேரத்தில் எத்தனை தோட்டா வரும் என்பதைவிட, ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பவுடர் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.