சின்ன மலை, பெரிய அலை



நேற்று பேத்தி கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். பார்த்ததும், ஐந்தாம் வகுப்பு ஆசிரியராக நான் செய்த ஒரு தவறு நினைவுக்கு வந்துவிட்டது. முதலில் படத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் 'பேரலை'. அவர் 1760-இல் பிறந்தவர். இதை 1831 வாக்கில், எழுபது வயது தாண்டிய பிறகு வரைந்தார். மரப்பலகைகளில் செதுக்கி அச்சிட்ட படம். உயரம் சுமார் 25 செ.மீ., அகலம் சுமார் 37 செ.மீ., அவ்வளவுதான்.

ஃபுஜி மலையைக் காட்டும் 'முப்பத்தாறு காட்சிகள்' என்ற வரிசையில் இது ஒன்று. ஆனால் 3,776 மீட்டர் உயரமுள்ள அந்த மலை, படத்தில் ஒரு படகின் நீளம்கூட இல்லை! அப்படியிருந்தும் நம் கண் கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறது. எப்படி?

ஜப்பானியர் அன்று வலமிருந்து இடமாகப் படித்தவர்கள். அவர்கள் கண் வலப்பக்கம் நுழையும். மூன்று படகுகளும் இடப்பக்கம் நோக்கிப் போகின்றன. அவற்றோடு போனால் அலையில் முட்டுகிறோம். அலை எழும்பி, வளைந்து, நம்மைத் திருப்பி அனுப்புகிறது. அந்த வளைவின் பள்ளத்தில் அமைதியாக நிற்கிறது மலை.

நிறமும் துணை செய்கிறது. பிரஷ்யன் நீலம் என்ற சாயம் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் உருவானது. கடல் வணிகத்தில் ஜப்பானுக்கு வந்து, 1830 வாக்கில் விலை மலிந்தது. அந்த ஆழ்ந்த நீலத்தின் நடுவே வெள்ளை எடுப்பாகத் தெரிகிறது. நுரையும் வெள்ளை, மலையின் பனியும் வெள்ளை. நுரையைப் பார்த்த கண் பனியைத் தேடிப் போகிறது. மலைக்குப் பின்னால் வானத்தைக் கருஞ்சாம்பலாக்கியதும் அதற்காகத்தான்.

இப்போது என் தவறு. ஒருமுறை தேர்த் திருவிழா வரையச் சொன்னேன். ஒரு மாணவன் தாள் முழுக்க வடத்தை வரைந்து, தேரை ஓரத்தில் சின்னதாகப் போட்டிருந்தான். "தேர் எங்கேடா?" என்று கேட்டு, பத்துக்கு நான்கு போட்டேன். முகம் வாடிப் போனான்.

அந்த வடம் பார்ப்பவர் கண்ணைத் தேரிடம்தான் இழுத்துப் போயிருக்கிறது. எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை.

தம்பி, இதைப் படித்தால் இந்த ஆசிரியரை மன்னித்துவிடு. மற்றவர்களும் உங்கள் பிள்ளைகள் வரைந்து காட்டும்போது எது பெரிது, எது சிறிது என்று அளக்காதீர்கள். கண் எங்கே போகிறது என்று பாருங்கள்.