மேகங்களும் கதவுகளும்

1938இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர், தன் மகனைப் பற்றி 33 பக்கத்தில் ஒரு கடிதம் எழுதி, பால்டிமோரில் இருந்த மனநல மருத்துவர் லியோ கேனருக்கு அனுப்பினார். மகன் டொனால்ட் டிரிப்லெட்டுக்கு அப்போது ஐந்து வயது. 1943இல் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளை விவரித்துக் கேனர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அவன்தான் முதலாமவன். ஆட்டிசத்தின் மருத்துவ வரலாறே ஒரு தகப்பன் தன் பிள்ளையைக் கண் கொட்டாமல் கவனித்து எழுதியதிலிருந்துதான் கிளம்பியது.

அப்படிக் கவனித்த பெற்றோர் மீதே பழி விழுந்தது. அவர்கள் பாசத்தில் சூடு இல்லை, பிள்ளைகள் பனி உருகாத ஃப்ரிட்ஜுக்குள் விடப்பட்டவர்கள் போல வளர்ந்தார்கள் என்று 1949இல் கேனரே எழுதினார். 1967இல் புரூனோ பெட்டல்ஹைமின் நூல் அந்தப் பழியை ஊரறியப் பரப்பியது. பிள்ளையோடு மனம்விட்டுப் பேச வழி தேடிக்கொண்டிருந்த தாய்மார்களை இதைவிடக் கொடுமையாகத் தண்டித்திருக்க முடியாது.

அதே 1967இல் ஒரு தாயின் புத்தகமும் வந்தது. மாசசூசெட்ஸில் வாழ்ந்த கிளாரா பார்க், தன் மகள் ஜெஸ்ஸியை வளர்த்த கதையை ‘முற்றுகை’ என்று பொருள்படும் தலைப்பில் எழுதினார். மகள் வளர வளர, அந்த வீட்டில் ஓர் அதிசயம் நடந்தது. தன் பரவசத்தை அளக்க ஜெஸ்ஸி தானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள்: சூரியன், மேகம், கதவு. உச்சப் பரவசம் தரும் இசைக்கு மேகமே கிடையாது. அந்த ஒளியைத் தாங்க நான்கு கதவுகள் வேண்டும். பரவசம் குறையக் குறைய மேகங்கள் கூடும். ‘சந்தோஷமா இருக்கியாம்மா?’ என்ற கேள்விக்குப் பிடிபடாத ஒன்று அந்தக் கணக்கில் பிடிபட்டது. இதைப் பிதற்றல் என்று அந்தப் பெற்றோர் ஒதுக்கவில்லை. இயற்பியல் பேராசிரியரான தந்தை டேவிட் பார்க், 1974இல் அதை ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்.

பழியைத் துடைத்ததிலும் ஒரு தகப்பனுக்குப் பங்கு உண்டு. ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட், அதன் காரணம் உடலியல் சார்ந்தது, வளர்ப்பு அல்ல என்று 1964இல் புத்தகம் எழுதினார். 1969இல் பெற்றோர் கூட்டம் ஒன்றில், அவர்கள் மேல் குற்றமில்லை என்று கேனர் அறிவித்தார்.

பத்திரிகையாளர் ரான் சஸ்கிண்ட் 2014இல் எழுதிய நூலிலும், பிள்ளையின் மொழியிலேயே பேசும் பார்க் குடும்பத்தின் வழிதான். மூன்று வயதை எட்டும்போது பேச்சை இழந்த மகன் ஓவனுக்கு டிஸ்னி படங்களே உலகம். ஒருநாள் தந்தை அலாதீன் படத்துக் கிளிப் பொம்மையைக் கையில் மாட்டி, அதன் குரலில், நீயாக இருப்பது எப்படி இருக்கிறது என்று கேட்டார். நண்பர்கள் இல்லாததால் நன்றாக இல்லை என்று பதில் வந்தது. தகப்பன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை ஒரு கிளியிடம் சொன்னான் அந்தப் பையன்.

புரியாமை இருபக்கமும் உண்டு, ஆட்டிசம் உள்ளவரிடம் மட்டும் இல்லை என்ற கருத்தை 2012இல் வகுத்துச் சொன்னவர், ஆட்டிசம் உள்ள ஆய்வாளரான டேமியன் மில்டன். பார்க் குடும்பத்துக்கு அது 1970களிலேயே தெரிந்திருந்தது.